கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சமயம். ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் ஒரு பள்ளிக்கு எனக்கு மாறுதல் கிடைத்து, நாலு வயது மகளோடு வாடகை வீட்டில் குடியேறிப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. கணவருக்கு ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை. வாரக் கடைசியில்தான் மேலே வருவார்.

வீடு சின்னதுதான். ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, பின்பக்கம் சமையலறை. மழைக்காலத்தில் அந்தச் சமையலறைத் தரை காயவே காயாது. துணி போட்டுத் துடைத்தாலும் சிமெண்டுக்குள்ளிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். செருப்பு போடாமல் நான் அங்கே நுழைவதில்லை. ஆனால் அங்கே ஒரு ஃபிரிட்ஜும் கிரைண்டரும் இருந்தன. வீட்டுக்காரர் ஆலங்காயத்தில் இருப்பவர், "எல்லாம் உங்களுக்குத்தாம்மா, தாராளமா யூஸ் பண்ணிக்கோங்க" என்று சொல்லியே சாவியைக் கொடுத்தார். பழைய காலத்து ஃபிரிட்ஜ். நீளமான எவர்சில்வர் கைப்பிடி. மலைமேல் இவ்வளவு வசதியோடு வீடு கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன சரக்கு வண்டி வந்து நின்றது. முப்பது முப்பத்திரண்டு வயதுள்ள ஒருவர் இறங்கினார். தலையில் ஒரு கோணி. உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னாங்க வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் டீச்சர். இந்த வூட்ல முன்ன குடியிருந்தவன் நான். சமையக்கட்டுல ஒரு ஃபிரிட்ஜ் இருக்குமே, அது இன்னும் கீதா?"

எனக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. இருக்கிறது என்றேன்.

"அத்த போடாதீங்க டீச்சர். பிளக்க புடுங்கி வெச்சிடுங்க. அதுல ஷாக் அடிக்குது. என் சம்சாரம் அதுலதான் போய்ட்டா."

அவர் சொன்ன விதத்தில் அழுகையோ பதற்றமோ இல்லை. பல முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். என் மகள் என் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. புது ஊர், மழை, வீட்டில் ஆண் துணை இல்லை. வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன்.

"சரிங்க, போறேன். மெயின் சுவிட்ச் எங்க கீதுன்னு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். உண்மையிலேயே தெரியாது.

"வாசக் கதவுக்குப் பின்னால கீது. கதவு தொறந்தே இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. யாருனா மாட்டிக்கிட்டா கைய புடிச்சி இழுக்காதீங்க டீச்சர். ஓடிப் போய் அத்த கீழ தள்ளுங்க." சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

உடனே வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் அலுத்துக்கொண்டார்.

"வந்துட்டானா? அவன் பேச்ச காதுல போட்டுக்காதீங்கம்மா. அந்தப் பொண்ணு மயக்கம் போட்டு விழுந்து மண்டைல அடிபட்டுச் செத்துது. அவன்தான் தள்ளி வுட்டான்னு ஊரே சொல்லுது. அன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். இப்ப ஃபிரிட்ஜ் மேல பழிய போடறான். நானே எத்தினி தபா அத்த தொட்டிருக்கேன், எனக்கு இன்னா ஆச்சு?"

போனை வைத்த பிறகு எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. சாயங்காலம் கணவரோடு பேசி முடிவு செய்யலாம், அதுவரைக்கும் வேண்டாம் என்று ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, மகளிடமும் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிவைத்தேன். வாசல் கதவை மட்டும் ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். பின்னால் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன்மேல் நானே குடையையும் ஒரு பையையும் மாட்டிவைத்திருந்தேன். எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. மகள் பின்பக்கம் தேங்கியிருந்த தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே ஓடி வரும் சத்தம் கேட்டது. சமையலறையில் சுவிட்ச் போடும் 'டக்' என்ற சத்தமும் கேட்டது. இருட்டாக இருந்ததால் விளக்குக்கென்று ஸ்டூல் மேல் ஏறி எல்லாச் சுவிட்சையும் தட்டியிருக்கிறாள். பிறகு ஒரு சத்தம். அதை அலறல் என்று சொல்ல முடியாது. மூச்சு பாதியில் நின்றது போன்ற ஒரு முனகல்.

எட்டிப் பார்த்தேன். ஈரக் காலோடு, ஈர உடையோடு ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உடம்பு முழுக்க விறைத்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

நான் அவளை நோக்கி இரண்டடி ஓடிவிட்டேன். கையை நீட்டிவிட்டேன். அந்த நேரத்தில் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் காலையில் கேட்ட அந்தக் குரல், இழுக்காதீங்க டீச்சர் என்றது எப்படித்தான் அப்போது காதில் விழுந்ததோ, திரும்பி வாசலுக்கு ஓடினேன். மகளை அப்படியே விட்டுவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி ஓடிய அந்தத் தூரத்தை என்னால் எழுத முடியவில்லை. கதவை இழுத்து, மெயினைக் கீழே தள்ளினேன். உள்ளே பொத்தென்று விழும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது தரையில் கிடந்தாள். தூக்கினேன். ஒரு நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல நல்ல சத்தத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தன் பைக்கில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், இரவு இங்கேயே இருக்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். மகளின் உள்ளங்கையில் மட்டும் வெள்ளையாக, நடுவில் குழிந்த ஒரு சின்னப் புள்ளி. கரண்ட் பிடித்த தடம் என்றார் நர்ஸ்.

செய்தி எப்படியோ பரவி, கொஞ்ச நேரத்தில் காலையில் வந்தவர் அங்கே வந்து நின்றார். இந்தத் தடவையும் உள்ளே வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை போர்வைக்கு வெளியே விரிந்து கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதே மாதிரிதான். அவ விரல்லயும் இதே மாதிரி இருந்துது. நான் காட்டினேன். அடுப்புல பாத்திரம் சுட்டதா இருக்கும்னுட்டாங்க."

அங்கே உட்கார்ந்தபடியே சொன்னார். மனைவி கணியம்பாடிக்காரி. அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றாளாம். புளி லோடு இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று இவர் மறுத்திருக்கிறார். அதுதான் ஊரே கேட்ட பெரிய சண்டை. லோடு இறக்கிவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால் சமையலறையில் விழுந்து கிடந்தாள். தொட்டி விளிம்பில் பின்தலை பட்டு ரத்தம். மூன்று வயது மகள் அம்மா தூங்குவதாக நினைத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

"ஃபிரிட்ஜ் சுர்ருங்குதுன்னு முன்னாடி ரெண்டு மூணு தபா சொல்லிக்கீறா. செருப்பு போட்டுக்கோன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அப்பால ஆஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம் பண்ணணுமான்னு கேட்டாங்க. அவள அறுக்கறதான்னு நான்தான் வேணாம்னேன். அதுவே எனக்கு வெனையா வந்துது. ஏன் வேணாம்னான், ஏதோ மறைக்கறான்னு அவங்க அக்கா சொல்லிட்டு பாப்பாவ தூக்கிக்கினு போய்ட்டாங்க."

அவருடைய மகள் அதன் பிறகு கணியம்பாடியில் பெரியம்மா வீட்டில்தான் வளர்கிறாள். இவர் போனால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மலையிலும் பலர் இவருடைய வண்டியில் ஏறுவதில்லை. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு காண்ட்ராக்டர் இருந்திருக்கிறார். அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். காண்ட்ராக்டர் கல்லால் அடித்து விரட்டினாராம்.

"அடிச்சா அடிக்கட்டும். சொல்லாம இருக்க முடியலங்க" என்றார்.

மறுநாள் கணவர் மேலே வந்தார். கையோடு வாணியம்பாடியிலிருந்து தெரிந்த வயர்மேன் ஒருவரையும் அழைத்து வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பாய். மலையில் நிறைய வீடுகளுக்கு அவர்தான் வேலை பார்க்கிறார். மெயின் அணைந்தே இருந்தது. முதலில் சமையலறையில் இருந்த பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஹீட்டர், ஒன்றுகூட மிச்சமில்லாமல். பிறகு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, வெளித்தகட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். மிக்சியில் ஒன்றுமில்லை. கிரைண்டரிலும் இல்லை. கடைசியாக ஃபிரிட்ஜை மாட்டினார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மோட்டார் உறுமி ஓட ஆரம்பித்ததும் கைப்பிடியில் வைத்திருந்த டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"பாடில கரண்ட் வருது" என்றார்.

மெயினை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திருப்பினார். கீழே மோட்டார் பக்கம் எலி கடித்து ஒரு வயரின் தோல் உரிந்து, செம்பு தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த பாயிண்டைக் கழற்றினார். எர்த்துக்கென்று மேலே இருந்த பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லை. அந்த வீட்டுக்கே எர்த் போடவில்லை. கரண்ட் கசிந்தால் தானாக லைனை வெட்டுகிற டிரிப்பரும் கிடையாது.

"மோட்டார் ஓடறப்ப மட்டும் வரும், நின்னா வுட்டுடும். செருப்பு போட்டுக்கினு தொட்டா ஒண்ணும் தெரியாது. தரை ஈரமா இருந்து, வெறுங்கால்ல தொட்டா ஆள புடிச்சிடும்" என்று என் கணவரிடம் விளக்கிக்கொண்டே இருந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, வண்டிக்காரன் பொண்டாட்டி செத்தது இந்த வூடா?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்க் கேட்டருகில் நின்றார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"யா அல்லா. சாமான் ஏத்தறதுக்கு அவன் வண்டி சும்மா நின்னாக்கூட நான் கூப்பிட மாட்டேன். கொலகாரன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து ஃபிரிட்ஜின் வயரை பிளக்கோடு சேர்த்து அடியோடு வெட்டினார். வேறு யாரும் எடுத்துப் போய் மாட்டிவிடக்கூடாது என்பதற்காக.

வீட்டுக்காரர் அன்று மத்தியானமே வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எலி கடித்த வயரை பாய் காட்டியபோது குனிந்து பார்த்தார். பிறகு சமையலறைப் படியில் உட்கார்ந்தார்.

"அப்பவே ஒருத்தர் சொன்னார், ஃபிரிட்ஜ ஒரு தபா செக் பண்ணிடுன்னு. எனக்குப் பண்ண மனசு வரலம்மா. பண்ணி, அதுதான்னு தெரிஞ்சிட்டா நான் இன்னா செய்வேன்? ஒரு உயிரு என்னால போச்சுன்னு எப்படி இருக்கறது?"

கணியம்பாடிக்கு எங்களோடு வந்து அந்தக் குடும்பத்திடம் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வீட்டில் புது வயரிங் செய்து தருகிறேன், எர்த் போடுகிறேன், எல்லாம் செய்கிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கடைசிவரை வரவில்லை. வயரிங்கை மட்டும் உடனே மாற்றிக்கொடுத்தார். அவர்மேல் கோபம் இருந்தாலும், அந்தப் படியில் உட்கார்ந்திருந்த முகத்தை நினைத்தால் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் மகளும் பாயும் வாடகைக் காரில் புறப்பட்டோம். என் அம்மா வீடு கண்ணமங்கலம்தான் என்பதால் எனக்குப் பழகிய வழி. வண்டிக்காரர் தன் வண்டியில் பின்னால் வந்தார். அந்த வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சாலையோரம் நிறுத்திவிட்டு, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

இறந்துபோன பெண்ணின் அக்கா எங்களை உட்கார வைத்தார். யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. பாய் வயரைப் பற்றிச் சொன்னார். நான் நடந்ததைச் சொல்லி, மகளின் கையை விரித்துக் காட்டினேன். அந்த அம்மா கையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க தங்கச்சிக்கும் விரல்ல இருந்துது. நான்தான் குளிப்பாட்டினேன்" என்றார் மெல்ல.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தார். வெளியே வாசலில் நின்று சாலையில் நின்ற வண்டியைப் பார்த்தார். அவரே கை காட்டிக் கூப்பிட்டார்.

வண்டிக்காரர் வந்து வாசலுக்குக் கீழே நின்றார். "நான் அவள தள்ளலக்கா" என்றார்.

"தெரியுது" என்றார் அந்த அம்மா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இத்தினி நாளா வையறதுக்குனாலும் எனக்கு நீ ஒரு ஆளு இருந்த. இனிமே நான் யார வையறது?" என்று சொல்லி அழ ஆரம்பித்தார். அவரும் நின்ற இடத்திலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நியாயம் கிடைத்தால் மனசு லேசாகும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அந்த வாசலில் யாருக்கும் எதுவும் லேசாகவில்லை.

சத்தம் கேட்டு அவருடைய மகள் உள்ளேயிருந்து வந்தாள். என் மகளைவிட ஒரு வயது பெரியவள் இருப்பாள். பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு, "யாரு இது?" என்று கேட்டாள்.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். குழந்தை இன்னும் பின்னால் போனது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, "பரவால்ல, பயப்படுது. அடுத்த வாரம் வர்றேன்" என்றார். திரும்பி வரும்போது வழியில் வண்டியை ஒரு இடத்தில் நிறுத்தினார். நாங்களும் நிறுத்திக் காத்திருந்தோம். அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தது எங்கள் காரின் பின் கண்ணாடியில் தெரிந்தது.

இப்போது எங்களுக்கு மலையடிவாரத்தில் வேறு பள்ளி, வேறு வீடு. குடி போகும் முன்பே எர்த் இருக்கிறதா, டிரிப்பர் வேலை செய்கிறதா என்று ஆளை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பால் காய்ச்சினோம். புது வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எப்போதாவது வண்டிக்காரர் போன் செய்வார். ஞாயிறுதோறும் கணியம்பாடி போகிறார். மகள் இப்போது அவருக்கு எதிரில் உட்கார்ந்து பேசுகிறாளாம். அப்பா என்று கூப்பிடுகிறாளா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. பெரியம்மா வீட்டிலேயே வளரட்டும், அதற்கு அதுதான் வீடு என்று அவரே விட்டுக்கொடுத்துவிட்டார்.

கல்லால் அடித்து விரட்டப்பட்ட அதே கேட்டில், யாரென்றே தெரியாத என் குழந்தைக்காக அவர் மழையில் வந்து நின்றார்; அவருடைய மனைவிக்காக அப்படி ஒருவர் முன்கூட்டியே வந்து நிற்கவில்லையே என்ற வருத்தம், என் மகள் சிரித்துக்கொண்டு ஓடி வரும் ஒவ்வொரு முறையும் என் சந்தோஷத்தோடு சேர்ந்தேதான் வருகிறது.